வெற்றிடங்கள் எத்தனை?

தொழிற்சந்தை முடிந்து, கொம்பனிக்காரர்களின் வாகனங்கள் எல்லாம் வளாகத்தை விட்டுப் போன பிறகு, மண்டபத்தைத் துப்புரவாக்கும் வேலை மாணவர் ஏற்பாட்டுக் குழுவின் தலையில் விழுந்தது. குழுவின் செயலாளர் தாரிகா. நெல்லியடிப் பிள்ளை, முகாமைத்துவ பீடத்தில் இறுதி வருடம். காலை ஆறு மணியிலிருந்து நின்றதில் கால் உளைந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“தாரிகா, இஞ்சை ஒருக்கா வா,” என்று மேடைக்குப் பின்னாலிருந்து லோஜன் கூப்பிட்டான். அவனும் அதே வகுப்பு, அதே குழு.

அங்கே இரண்டு மட்டைப்பெட்டிகள் கிடந்தன. பக்கவாட்டில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் அச்சடித்திருந்தது. கொழும்பில் தலைமையகம் உள்ள பெரிய நிறுவனம். அன்று வந்த பத்தொன்பது நிறுவனங்களில் அதன் மேசைக்கு முன்னால்தான் மிக நீண்ட வரிசை நின்றது. பெட்டிகளின் மேலே, சாப்பிட்டு மடித்த சோற்றுப் பார்சல்களும் வெறும் தண்ணீர்ப் போத்தல்களும் கிடந்தன. லோஜன் அவற்றை அள்ளி எறிந்தான். கீழே முழுக்க, காலையிலிருந்து மாணவர்கள் கொடுத்த சுயவிபரக்கோவைகள்.

“மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினம் போல,” என்றாள் தாரிகா. அவர்களுடைய அதிகாரி காலையில் தந்த அட்டை அவளிடம் இருந்தது. சுபாஸ் என்று பெயர். மனிதவளப் பிரிவு. உடனே அழைத்தாள்.

“சேர், நான் கம்பஸிலையிருந்து தாரிகா கதைக்கிறன். உங்கடை பெட்டி ரெண்டு இஞ்சை விடுபட்டுப்போச்சு. பிள்ளையளின்ரை சீவி எல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு.”

“ஆ… தங்கச்சியே. நாங்கள் ஆனையிறவும் தாண்டிட்டம். பரவாயில்லை, உதை எறிஞ்சு விடுங்கோ.”

“எறியிறதோ சேர்?”

“ஓமோம். எங்களுக்குத் தேவையான ஆக்களைத் தெரிவுசெய்து முடிச்சிட்டம்.”

“எத்தினை பேர் சேர்?”

“அதெல்லாம் வெளியிலை சொல்லேலாது தங்கச்சி. நல்லாச் செய்தனீங்கள். சாப்பாடும் நல்லா இருந்தது. சரி, வைக்கிறன்.”

தாரிகா நிலத்தில் அமர்ந்து எண்ணத் தொடங்கினாள். வரிசை குழம்பாமல் இருக்க அந்த மேசைக்கு மட்டும் இலக்கத் துண்டு கொடுத்தவள் அவள்தான். கடைசித் துண்டின் இலக்கம் நூற்று அறுபத்துமூன்று. பெட்டிகளில் இருந்ததும் நூற்று அறுபத்துமூன்று. லோஜன் திரும்ப எண்ணினான். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒருவரைக்கூட அவர்கள் கொண்டுபோகவில்லை.

இந்த ஒரு நாளுக்காக அந்தப் பிள்ளைகள் மூன்று மாதம் ஆயத்தப்பட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் தொழில் வழிகாட்டல் அலகு வகுப்பு வைத்தது. கதிரையில் எப்படி இருப்பது, கை கொடுக்கும்போது எவ்வளவு இறுக்குவது, உங்களுடைய பலவீனம் என்ன என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் பழக்கினார்கள். ‘ஓம்’ என்று தலையாட்டக் கூடாது, கண்ணைப் பார்த்து ‘யெஸ் சேர்’ என்று சொல்ல வேண்டும் என்றார்கள். தாரிகா விடுதிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த ‘யெஸ் சேர்’ஐப் பழகினாள். கழுத்தில் ரை கட்டத் தெரியாத பொடியன்களுக்கு லோஜன் கட்டிவிட்டான். ஒரே ரையை மூன்று பேர் மாறி மாறிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். காங்கேசன்துறையிலிருந்து வரும் தனுசியா, விடுமுறை நாட்களில் ஒரு விடுதி வரவேற்பு மேசையில் நின்று சிங்களம் பழகியவள். ‘பேசவும் வாசிக்கவும் முடியும், எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்’ என்று பொய் கலக்காமல் போட்டிருந்தாள். அந்தத் தாள் மீன்குழம்பில் ஊறி, அவளுடைய படத்தின் பாதி மஞ்சளாகிப் போயிருந்தது.

தாரிகாவினுடையதும் அங்கேதான் இருந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்தாள். பிறகு ஏன் துடைக்கிறேன் என்று யோசித்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

அடுத்த நாள் காலையே அவள் ரஞ்சினி மிஸ்ஸிடம் போனாள். தொழில் வழிகாட்டல் அலகுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அவர். பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. வார விடுமுறையிலும் வந்து நிற்கிற ஆள். தாரிகா சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“முதல் வருஷம் எத்தினை கொம்பனி வந்ததெண்டு உமக்குத் தெரியுமே? நாலு. நாலே நாலு. நான் ஒவ்வொரு ஒபிஸா ஏறி இறங்கி, ஃபோனிலை கெஞ்சி, இந்த முறை பத்தொன்பதுக்குக் கொண்டுவந்திருக்கிறன். இப்ப நீங்கள் இதைத் தூக்கிப் பிடிச்சால், அடுத்த முறை ஆர் வருவினம் இஞ்சை?”

“மிஸ், ஒருத்தற்றையையும் கொண்டுபோகேல்லை. நூத்தி அறுபத்துமூண்டும்…”

“விளங்குது பிள்ளை. எனக்கும் ஆத்திரம்தான். ஆனா நீரும் இனித்தானே வேலை தேடப் போறீர். பேர் பழுதாப்போனால் பிறகு எடுக்கேலாது. பெட்டியைக் களஞ்சிய அறையிலை வையுங்கோ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்.”

“சரி மிஸ்,” என்றாள் தாரிகா.

அந்த ‘சரி மிஸ்’ எவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்தது என்பதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. லோஜனிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னாள். களஞ்சிய அறையைப் பூட்டிவிட்டு விரிவுரைக்குப் போனாள். அப்படிப் பத்து நாள் போயிற்று. நடைபாதையில், கன்ரீனில், நூலகத்தில், “உனக்குக் கோல் வந்ததோ?” “எனக்கு இன்னும் இல்லை, உனக்கு?” என்று ஆளையாள் கேட்டுக்கொண்டார்கள். தனுசியா ஒரு நாள் தாரிகாவிடமே கேட்டாள், “குழுவிலை இருக்கிறாய்தானே, உனக்கு ஏதும் தெரியுமோ?” என்று. தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

பதினோராம் நாள் அவள் நெல்லியடியில் யாழ்ப்பாண பஸ் ஏறினாள். வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழி. நீர்வேலியில் கேதீஸ்வரன் ஏறினார்.

கேதீஸ்வரன் அவளுக்கு இரண்டு வருடம் மூத்தவர், அதே பீடம். பரீட்சைக் காலத்தில் இளைய மாணவர்களைக் கூட்டி வைத்து இலவசமாகப் படிப்பிப்பார். வளாகத்தில் அதைக் ‘குப்பி’ என்பார்கள். புள்ளிவிபரவியலில் தாரிகா சித்தியடைந்ததே அவருடைய குப்பியால்தான். பட்டம் எடுத்து இரண்டு வருடமாகியும் வேலை இல்லை. வீட்டு வாழைத்தோட்டத்தில் தகப்பனோடு நிற்பதும், பின்னேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதுமாகக் காலம் போனது. தொழிற்சந்தைக்குப் பழைய மாணவர்களும் வரலாம் என்று அறிவித்தபோது முதலில் வந்து நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அவர் ஏறிய உடனேயே முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா திரும்பினார்.

“தம்பி கேதீஸ், என்ரை மோன் கனடாவிலையிருந்து உன்ரை படம் அனுப்பினவன். ஆரோ பெரிய ஆளோடை கை குடுத்துக்கொண்டு நிக்கிறாய். சந்தோஷம் ராசா. எப்ப தொடக்கம்?”

“கூப்பிடுவினம் மாமி. இந்தக் கிழமையோ வாற கிழமையோ.”

“கொப்பர் பாவம், இனியெண்டாலும் கொஞ்சம் ஆறட்டும்.”

கேதீஸ்வரன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்து தாரிகாவின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைபேசியை நீட்டினார். நிறுவனத்தின் முகநூல் பக்கம். சுபாஸ் அவருடைய கையைப் பற்றிக் குலுக்குகிறார். கேதீஸ்வரன் கழுத்தில் ரையோடு கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். ‘வடக்கின் இளைஞர்களின் கனவுகளோடு கைகோக்கிறோம். ஒரே நாளில் 160க்கும் மேற்பட்டோருக்கு நேர்முகம்!’ என்று கீழே போட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் வாழ்த்தியிருந்தார்கள்.

“அண்டைக்கு இவர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னவர், ‘உங்களை மாதிரி ஆக்களைத்தான் தேடுறம், ஒரு மாசத்துக்கு வேறை ஒண்டுக்கும் ஓம் சொல்லிப்போடாதேங்கோ’ எண்டு. உமக்குத் தெரியுமே, கைதடியிலை ஒரு தண்ணிப் போத்தல் ஃபக்ரறியிலை எனக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை சரிவந்தது. வரேல்லை எண்டு சொல்லிட்டன்.”

தாரிகா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். “எப்ப அண்ணா சொன்னனீங்கள்?”

“நாலு நாளாச்சு. முந்தநாள் வேறை ஆளை எடுத்திட்டினமாம். பரவாயில்லை. இப்ப ரவுனுக்குச் சப்பாத்து வாங்கத்தான் போறன். அண்டைக்குப் போட்டது லோஜன்ரை சப்பாத்து.”

வளாகத் தரிப்பிடம் வந்தது. “அண்ணா, என்னோடை இஞ்சை இறங்குங்கோ,” என்றாள். அவர் ஏன் என்று கேட்காமல் இறங்கினார். பஸ் போன பிறகு, மதிலோரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, சோற்றுப் பார்சல், ஃபோன், நூற்று அறுபத்துமூன்று. சொல்லி முடிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“உமக்கு எப்ப தெரியும்?”

“அண்டைக்குப் பின்னேரமே தெரியும்.”

“பத்து நாள்.”

“ஓம் அண்ணா. மிஸ் சொல்ல வேண்டாமெண்டு…”

“ஒரு ஃபோன். ஒரு மெசேஜ். ‘அண்ணா, உதை நம்ப வேண்டாம்’ எண்டு நாலு சொல்லு. நான் கைதடிக்குப் போயிருப்பன் தாரிகா.” அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். “அந்தக் கொம்பனிக்காரன் பொய் சொன்னான். சரி. அவனை எனக்குத் தெரியாது. உம்மை எனக்குத் தெரியும்.”

அவளுக்கு அழுகை வந்தது. அழுது அவரைச் சமாதானப்படுத்த வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“பெட்டி எங்கை?” என்றார்.

களஞ்சிய அறையைத் திறந்து விட்டாள். அவர் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டித் தன்னுடையதைத் தேடி எடுத்தார். நான்கு பக்கம், தடித்த தாள். முன்பக்கத்தில் கறை இல்லை. பின்பக்கத்தில் யாரோ பேனையால் எழுதியிருந்தார்கள்: மீன் 4, கோழி 2, மரக்கறி 1.

அவர் அதைத் தாரிகாவிடம் நீட்டினார். “எங்களிட்டைப் பழகச் சொன்னவை, எப்பிடி இருக்கிறது, எப்பிடிச் சிரிக்கிறது எண்டு,” என்றார். “உவைக்கு ஆரும் ஒண்டும் பழக்கேல்லைப் போல.”

தாரிகாவுக்கு அந்த இடத்தில் ஏதோ முறிந்தது. பயம்தான் முறிந்தது என்று பின்னால் லோஜனிடம் சொன்னாள். “அண்ணா, இதைக் கொண்டு இப்பவே அவையின்ரை கிளைக்குப் போவம்,” என்றாள். லோஜனுக்கு அழைப்பு எடுத்தாள். அவன் ஒரு ஓட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

யாழ் நகரத்துக் கிளை முழுக்கக் கண்ணாடியும் குளிரூட்டியும். இரண்டு பெட்டிகளோடும் மூவரும் உள்ளே போனதும் காவலாளி மறித்தார். முகாமையாளரைச் சந்திக்காமல் போகமாட்டோம் என்று தாரிகா சொன்னாள். வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பிப் பார்க்கவே, முகாமையாளர் வெளியே வந்து அவர்களைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐசாக் என்று பெயர். அறுபதை நெருங்கும் வயது. தேநீர் வரவழைத்தார். ஒருவரும் தொடவில்லை.

“தொழிற்சந்தைக்கு வந்தவை கொழும்பு ஆக்கள், பிள்ளையள். நான் வாகனம் ஒழுங்குபடுத்திக் குடுத்தன். அவ்வளவுதான் எனக்கும் அதுக்கும் சம்பந்தம்.”

“அண்டைக்கு உங்கடை நிறுவனத்திலை எத்தினை வெற்றிடம் இருந்தது சேர்?” என்று தாரிகா கேட்டாள்.

“இதை என்னட்டை ஏன் கேக்கிறியள்?”

“சுபாஸ் சேர் ஃபோன் எடுக்கிறாரில்லை. ஓட்டோவிலை வரேக்கை நாலு தரம் அடிச்சனான். வேறை ஆரிட்டைக் கேக்கிறது?”

ஐசாக் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இருந்தார். பெட்டியைப் பார்த்தார். மேலே தனுசியாவின் மஞ்சளான படம் தெரிந்தது.

“ஒண்டும் இல்லை,” என்றார். “இந்த வருஷம் புதுசா ஆளெடுக்க வேண்டாமெண்டு பங்குனியோ என்னவோ எல்லாக் கிளைக்கும் கடிதம் வந்தது.”

தொழிற்சந்தை நடந்தது ஆனியில்.

“பிறகேன் வந்தவை?” என்றார் கேதீஸ்வரன்.

“வருடாந்த அறிக்கைக்குப் படம் வேணும் தம்பி. வடக்கிலையும் சேவை செய்யிறம் எண்டு காட்ட வேணும்.”

“அப்ப நான் படத்துக்கு நிண்டனான்.” கேதீஸ்வரன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கி, வேறை வேலைக்குப் போகாதை எண்டு சொல்லி, என்னை ஊருக்கு முன்னாலை நிப்பாட்டினது ஒரு படத்துக்கு. ஐயா, உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?”

“தம்பி, இருங்கோ.”

“அப்பா தோட்டத்திலை ஆக்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டார். நான் இப்ப வீட்டை போய் என்னெண்டு சொல்லுறது? படத்துக்குத்தான் கூப்பிட்டவை எண்டோ?”

தாரிகா பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

“சேர், நீங்கள் சொன்னதை எழுதித் தாங்கோ.”

“என்னாலை ஏலாது பிள்ளை. ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு எனக்கு.”

“அப்ப நான் எழுதுறன். நீங்கள் வாசிச்சுப் போட்டுப் பிழை இருந்தால் சொல்லுங்கோ. அதுக்குமேலை ஒண்டும் செய்ய வேண்டாம்.”

அவர் முன்னாலேயே எழுதினாள். இந்த நிறுவனம் பங்குனி மாதமே ஆட்சேர்ப்பை நிறுத்திவிட்டது. அப்படியிருந்தும் ஆனி மாதம் தொழிற்சந்தையில் மேசை போட்டு நூற்று அறுபத்துமூன்று பேரை நேர்முகம் கண்டது. அவர்களில் ஒருவருடைய விபரத்தையும் கொண்டுசெல்லவில்லை. சோற்றுப் பார்சல்களோடு விட்டுச் சென்றது. அவர்களுடைய படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறது. அவ்வளவுதான். சோடனை ஒன்றும் இல்லை.

ஐசாக் இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்து வைக்கமாட்டேன் என்று இன்னொரு தரம் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, ‘பங்குனி’ என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டி, மேலே ‘மாசி’ என்று தன் கையால் எழுதினார். தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

“மற்றது எல்லாம் சரி,” என்றார்.

வெளியே வந்ததும், இனி என்ன செய்வது என்று லோஜன் கேட்டான். தாளை முகநூலில் போட்டுவிடலாம் என்பது அவனுடைய எண்ணம். “முதலிலை ஆக்களுக்குச் சொல்ல வேணும்,” என்றாள் தாரிகா. “எங்கையோ வாசிச்சு அறியக் கூடாது. இன்னும் ஆரும் வேறை வேலையை விடமுதல் சொல்ல வேணும்.”

ஒவ்வொரு சுயவிபரக்கோவையிலும் தொலைபேசி இலக்கம் இருந்தது. கன்ரீனின் பின் வாங்கில் இருந்து மூவரும் பங்கு போட்டு அழைத்தார்கள். இரண்டு நாள் முழுக்க அதுதான் வேலை. விரிவுரைக்குப் போகவில்லை. “வணக்கம், நான் தொழிற்சந்தைக் குழுவிலையிருந்து கதைக்கிறன். உங்கடை சீவி அங்கை போகேல்லை. அவையிட்டை வேலையும் இருக்கேல்லை. எங்களுக்கு முதலே தெரியும், பிந்திச் சொல்லுறதுக்கு மன்னியுங்கோ.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். தனக்கு அப்போதே தெரியும் என்று ஒருவன் சொன்னான். ஒருத்தி பேசாமல் வைத்துவிட்டாள். ஒரு தாய் ஃபோனை எடுத்து, “மோள் நேர்த்திக்கடன் வைச்சிருக்கிறாள், நான் என்னெண்டு பிள்ளை இதைச் சொல்லுறது?” என்று கேட்டார். தனுசியா நேரிலேயே வந்தாள். தன் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“நான் உன்னட்டைக் கேட்டனான்,” என்றாள்.

“ஓம். கேட்டனி.”

“என்ரை முகத்தைப் பாத்துத் தெரியாதெண்டு சொன்னனி.”

“ஓம்.”

தனுசியா தன் தாளை மடித்து வைத்துவிட்டு வாங்கில் அமர்ந்து, “மிச்ச இலக்கம் எத்தினை கிடக்கு? கொஞ்சம் தா,” என்றாள்.

அந்தக் கிழமை தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் வந்து தங்களுடைய கோவைகளைத் திருப்பிப் பெற்றார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஆளுக்கொரு கடிதம் எழுதித் தலைமையகத்துக்கும் பீடாதிபதிக்கும் அனுப்பினார்கள். தாரிகா எழுதிய தாளின் பிரதி ஒவ்வொன்றோடும் போனது. ‘மாசி’ என்ற திருத்தம் யாருடைய கையெழுத்து என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. முகநூல் படத்தின் கீழே கேதீஸ்வரன் தன் பெயரில் ஒரே வரி எழுதினார்: ‘இந்தப் படத்தில் நிற்பவன் நான். எனக்கு வேலை தரவில்லை. தருவதற்கு இவர்களிடம் வேலையும் இருக்கவில்லை.’ அதன் கீழே மற்றவர்கள் தங்கள் தங்கள் வரிசை இலக்கத்தைப் போடத் தொடங்கினார்கள். ஏழு. நாற்பத்தொன்று. நூற்றிரண்டு. இலக்கங்கள் நீண்டுகொண்டே போயின. மூன்றாம் நாள் அந்தப் படம் காணாமல் போனது. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை, விளக்கமும் இல்லை.

சுபாஸிடமிருந்து அழைப்பு மட்டும் வந்தது. இப்போது ‘தங்கச்சி’ என்ற சொல் இல்லை.

“நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு விளங்குதோ? இந்தத் துறையிலை எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவை. உங்கடை பேர் ஒருக்கால் அடிபட்டால் ஒரு இடத்திலையும் எடுக்கமாட்டினம்.”

“நீங்கள் எடுக்கிறதெண்டாலெல்லோ சேர் எடுக்காமல் விடுறதைப் பற்றிக் கதைக்கலாம்,” என்றாள் தாரிகா. “என்ரை பேரை எழுதி வையுங்கோ. சீவியிலை வடிவாப் போட்டிருந்தனான். நீங்கள்தான் எறியச் சொன்னனீங்கள்.”

ரஞ்சினி மிஸ் அவளைக் கூப்பிட்டார். மேசையில் கடிதக் கட்டு. பீடாதிபதி அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. மிஸ்ஸின் முகம் சிவந்திருந்தது.

“மூண்டு வருஷத்து வேலை, தாரிகா. பத்து நாளிலை எல்லாம் முடிஞ்சுது. இப்பிடிச் செய்யமுதல் நீர் என்னட்டை ஒருக்கால் வந்திருக்கலாமே?”

“வந்தனான் மிஸ். அடுத்த நாள் காலமையே வந்தனான்.”

ரஞ்சினி மிஸ் கடிதக் கட்டை இழுத்து முதல் கடிதத்தை விரித்தார். “போங்கோ,” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த வருடம் நிறுவனங்களுக்கு அனுப்பிய அழைப்போடு அவர் ஒரு படிவத்தையும் சேர்த்து அனுப்பினார். அதில் இரண்டே கேள்விகள். வெற்றிடங்கள் எத்தனை? விண்ணப்பித்தவர்களுக்கு எந்தத் திகதியில் பதில் தருவீர்கள்? இரண்டையும் எழுதி, மேசைக்கு முன்னால் பலகையில் தொங்கவிட வேண்டும். முடியாதவர்கள் வர வேண்டாம். பத்தொன்பதில் பதின்மூன்று பேர் வரவில்லை. சிலர் மேலிடத்தில் அனுமதி இல்லை என்றார்கள். சிலர் பதிலே போடவில்லை. பத்தொன்பது மேசை நிறைந்த மண்டபத்தில் ஆறு மேசை. பார்க்க வெறுமையாகத்தான் இருந்தது. அந்தப் பதின்மூன்று பேரும் முந்திய வருடம் எதற்கு வந்தார்கள் என்று நினைத்தவர்களுக்கு அடிவயிறு எரிந்தது.

கேதீஸ்வரனுக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு காங்கேசன்துறையில் ஒரு சரக்கு முகவரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கைதடி வேலையைவிடத் தூரம், அதைவிடச் சின்ன வேலை. இடைக்கிடை தாரிகாவை பஸ்ஸில் கண்டால் கதைப்பார். “எப்பிடி இருக்கிறியள்? படிப்பு முடிஞ்சுதோ?” என்று கேட்பார். முன்னர் உரிமையோடு ‘நீர்’ என்றவர், இப்போது ‘நீங்கள்’ என்றார். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த ஆறு மேசை நாளில் தாரிகா குழுவில் இல்லை. பட்டம் முடித்து, வேலையில்லாமல், பழைய மாணவியாக வரிசையில் நின்றாள். அவள் நின்ற மேசைப் பலகையில் ‘வெற்றிடங்கள்: 2. பதில் தரும் திகதி: ஆடி 15’ என்று எழுதியிருந்தது. அவளுக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர். இரண்டு இடத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் என்று தெரிந்துகொண்டே நின்றார்கள். தெரியாமல் நிற்பதைவிட அது பெரிதாக ஒன்றும் சுகமாக இல்லை. ஆனாலும் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை.

அவளுடைய முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“போன வருஷம் உந்தக் கடிதப் பிரச்சினை… அது நீங்களே?”

பக்கத்தில் இருந்த மற்ற அதிகாரியும் பேனையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பழகிய ‘யெஸ் சேர்’, ‘யெஸ் மடம்’ எல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

“ஓம்,” என்றாள். “அது நான்தான்.”

அதிகாரி தலையை ஆட்டினார். பிறகு படிப்பைப் பற்றி, கணினி அறிவைப் பற்றி, வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கால் மணித்தியாலம். சரி, பதில் வரும் என்றார்.

ஆடி பதினைந்தாம் திகதி காலை பத்து மணிக்கு மின்னஞ்சல் வந்தது. அன்புள்ள தாரிகா அவர்களுக்கு, தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், வேறு இருவரைத் தெரிவுசெய்துள்ளோம், அறியத் தருகிறோம். நான்கு வரி. அவளுடைய பெயர் பிழையில்லாமல் இருந்தது. அவள் அதை இரண்டாம் தரம் வாசித்தபோது, தாய் அற்புதராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை சிரிக்கிறாய், வேலை கிடைச்சிட்டுதோ?” என்றார்.

“இல்லையம்மா. இல்லை எண்டு சொல்லியிருக்கினம்.”

“அதுக்கேன் சிரிப்பு?”

பதில் சொல்லத் திரும்பினாள். அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது. நான்கு வருடம் படித்து, மூன்று மாதம் கை கொடுக்கப் பழகி, இரண்டு வருடம் வரிசையில் நின்றவளுக்கு, வேலை இல்லை என்று ஒருவர் ஒழுங்காகச் சொன்னதே சந்தோஷமாகப் போய்விட்டது. இந்தளவுக்குத் தங்களைக் கொண்டுவந்து விட்டார்களே என்று நினைத்தபோது அவளுக்குத் திரும்பவும் கோபம் ஏறியது.

“சிரிக்கேல்லையம்மா,” என்று சொல்லிவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எழுதக் கணினியைத் திறந்தாள்.